சீயக்காயைப் பாட்டிலில் அடைத்த கதை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில், எங்கள் வீட்டு அடுக்களை அலமாரியில் இருந்த பாட்டில் ஒன்றின் மூடி சத்தத்தோடு தெறித்தது. உள்ளே இருந்த பழுப்பு நிறத் திரவம் நுரைத்துக்கொண்டு கீழ்த்தட்டில் இருந்த உளுந்துச் சம்படத்தின் மீது வழிந்தது. புளித்த மாவும் நனைந்த கோணியும் கலந்தாற்போன்ற ஒரு வாடை வீடு முழுவதும் பரவியது. நான்கு நாட்களுக்கு முன்புதான், வீட்டிலேயே இயற்கை ஷாம்பு செய்துவிட்டேன் என்ற பெருமையோடு அதைக் காய்ச்சி, வடிகட்டி, ஆறு பாட்டில்களில் நிரப்பி, அவற்றுள் மூன்றை அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்திருந்தேன். ஆசையாகக் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்டு வாங்கும் கூச்சம் என்னவென்று அன்று மாலை தெரிந்தது. எதிர்வீட்டு மதினி மட்டும், "அதை நான் நேத்தே பாத்திரம் தேய்க்க எடுத்துட்டேன், நல்லாத்தான் போச்சு" என்று சொல்லி என் மானத்தைப் பாதி காப்பாற்றினார்.

அம்மா அலமாரியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "சீயக்காயைக் காய்ச்சி எவளாவது அடைச்சு வைப்பாளாட்டி? கொழம்பு வச்சா நாலு நாள் இருக்குமா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இணையத்தில் நான் பார்த்த செய்முறைகள் ஒன்றில்கூட அந்தக் கேள்வி எழவில்லை. எல்லாவற்றிலும் கடைசிக் காட்சி ஒன்றுதான்: அழகான பாட்டிலில் திரவத்தை ஊற்றி மூடி, "ஆறு மாதம் வரை கெடாது" என்று ஒரு குரல் சொல்லும். அந்தக் கடைசிக் காட்சியில்தான் தவறு இருக்கிறது என்பதே, அதற்குப் பின் வந்த மூன்று ஆண்டுகளில் நான் தெரிந்துகொண்டதன் சாரம். எங்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தது உலர்ந்த தூள். குளிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு கரைத்து, குளித்து முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிடும் வழக்கம் அது. அதைப் பிடித்து ஷாம்புவைப் போல ஆக்க முயன்றபோது, அது புளித்துப்போய்த் தன் எதிர்ப்பைக் காட்டியது.

நான் இந்த வேலையில் இறங்கியதற்குக் காரணம் தண்ணீர். கல்லிடைக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவள் நான். அங்கே குழாயில் வந்ததும், படித்துறையில் இறங்கி முங்கியதும் தாமிரபரணித் தண்ணீர்தான். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் 128 கிலோமீட்டர் ஓட்டத்தில், மலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே அது எங்கள் ஊரைத் தொட்டுவிடும். அந்த மென்மையான தண்ணீரில் எதைத் தேய்த்தாலும் நுரைக்கும், எதை அலசினாலும் போகும். பின்னர் பாளையங்கோட்டைக்கு வெளியே புதிதாக முளைத்த நகர் ஒன்றில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். அங்கே ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்தது உப்புத்தண்ணீர். வாளியின் அடியில் வெள்ளைப் படலம் கட்டும், குழாய் வாயில் சுண்ணாம்பு பூக்கும். ஆறு மாதத்தில் என் கூந்தல் தேங்காய் நாரைப் போல ஆயிற்று.

முதலில் குற்றம் ஷாம்புவின் மீதுதான் என்று நினைத்தேன். ஆகவே அதை நிறுத்திவிட்டு, ஒரு கண்காட்சியில் வாங்கிய 'கையால் செய்த இயற்கை சோப்பு' கட்டியைத் தலைக்குத் தேய்த்தேன். விளைவு இன்னும் மோசமாயிற்று. மெழுகு தடவியதுபோல் முடி பிசுபிசுத்துச் சீப்பில் வெள்ளையாக ஒட்டியது. இதன் காரணம் பத்தாம் வகுப்பு வேதியியல் புத்தகத்திலேயே இருந்தது, நான்தான் மறந்திருந்தேன். எண்ணெயும் காரமும் சேர்ந்து உண்டாகும் சோப்பு, கையால் செய்ததானாலும் ஆலையில் செய்ததானாலும், கடின நீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளோடு வினைபுரிந்து கரையாத ஒரு படிவாக மாறிவிடும். துணியில் படிந்தால் சாம்பல் நிறம், தலையில் படிந்தால் பிசுக்கு. அதோடு, சோப்புக் கரைசலின் காரத்தன்மை, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவில் 9 அல்லது 10 வரை இருக்கும். நம் தலைத்தோலோ ஏறத்தாழ 5.5 அளவில் மெல்லிய அமிலத்தன்மை உடையது. காரம் பட்டால் முடியின் மேற்புறச் செதில்கள் விரிந்து, ஒன்றோடொன்று உரசிச் சிக்கு விழும். கடை ஷாம்புவில் இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் அதில் உள்ள செயற்கை நுரைப்பொருள் கடின நீரிலும் படிவு கட்டுவதில்லை. எனவே நான் நிறுத்திய பொருள் நல்லது, தொடங்கிய பொருள் தவறு என்பதுதான் உண்மை. 'இயற்கை' என்ற சொல்லை நம்பி நான் செய்த முதல் பிழை இது.

சீயக்காய் சோப்பு அல்ல. அதில் உள்ள சபோனின் என்ற பொருளின் ஒரு முனை சர்க்கரைத் தொடரால் ஆனது, தண்ணீரை விரும்புவது. மறுமுனை கொழுப்பை விரும்புவது. எண்ணெய்ப் பிசுக்கை ஒரு முனை பற்றிக்கொள்ள, மறுமுனை தண்ணீரோடு போய்விடும். கால்சியத்தோடு சேர்ந்து படிவாகும் இயல்பு சோப்புக்கு இருக்கும் அளவுக்கு இதற்கு இல்லை. அரைத்துக் கரைத்த சீயக்காய் மெல்லிய அமிலத்தன்மையோடுதான் இருக்கும். பூந்திக்கொட்டையின் தோலிலும் அரப்பு இலையிலும் நுரைப்பது இதே சபோனின்தான். அரப்பு என்பது நம் பக்கத்துக் கரட்டில் நிற்கும் உசில மரத்தின் இலைப்பொடி. நுரை குறைவாக வருவதால் அழுக்குப் போகவில்லை என்று நினைக்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. நுரை கண்ணுக்கு விருந்து, பிசுக்கைப் போக்குவதற்கு அது அளவுகோல் அல்ல.

அந்தப் பழக்கம் எங்களுக்கு எப்போது வந்தது என்று எண்ணிப்பார்க்கிறேன். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட்டுகள் மாலைமாலையாகத் தொங்கியது என் பள்ளிப் பருவத்தில். கடலூரில் 1983இல் சிக் ஷாம்பு என்ற பெயரில் தொடங்கிய சிறு பாக்கெட் வியாபாரம், பாட்டில் வாங்க முடியாத வீடுகளுக்குள்ளும் ஷாம்புவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும்போது, கண்ணெரிச்சல் இல்லாமல் மூன்று நிமிடத்தில் குளித்துவிட்டு ஓடுவதற்கு அந்தச் சிறிய பாக்கெட் எத்தனை பெரிய விடுதலை என்பது, இடுப்பு வரை முடி வைத்திருந்த பெண்பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஷாம்பு என்ற சொல்லே நம் நாட்டிலிருந்து போனது என்பது ஒரு வேடிக்கை. அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து அது பிறந்தது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் குளியல் நிலையம் நடத்தி, இந்தப் பிடித்துவிடும் குளியலைச் சீமாட்டிகளிடம் புகழ்பெறச் செய்தார். அங்கே அது மெல்ல மெல்லத் தலைகழுவும் பொருளின் பெயராயிற்று. இன்னொன்றும் உண்டு. ஜெர்மனியில் ஹான்ஸ் சுவார்ஸ்கோப் என்ற மருந்துக்கடைக்காரர் 1903இல் விற்கத் தொடங்கிய ஷாம்பு, தண்ணீரில் கரைத்துக்கொள்ளும் தூள். செயற்கை நுரைப்பொருளால் ஆன திரவ ஷாம்பு அமெரிக்காவில் 1934இல்தான் டிரீன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆக, தூளைக் கரைத்துத் தலைக்குத் தேய்ப்பது எங்கள் ஆச்சிகளின் பத்தாம்பசலிப் பழக்கம் மட்டுமல்ல. பெர்லின் நகரத்துப் பெண்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இனி நான் இப்போது செய்யும் முறைக்கு வருகிறேன். இதற்குச் சரியான காலம் பங்குனியும் சித்திரையும். நெல்லைச் சீமையில் அந்த இரண்டு மாதத்து வெயில் எதையும் காயவைத்துவிடும். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் விழும் நாட்களில் காற்றிலேயே ஈரம் இருக்கும், ஐப்பசி, கார்த்திகையில் மழை. அந்த மாதங்களில் திரித்த தூள் ஒரு மாதத்துக்குள் கட்டிதட்டும், பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு கிலோ சீயக்காய் வாங்குவேன். நாட்டு மருந்துக் கடையில் கொட்டை நீக்கியது, நீக்காதது என்று இரண்டு தரம் கிடைக்கும். நீக்கியதற்கு விலை கூடுதல் என்றாலும் அதைத்தான் வாங்க வேண்டும். சபோனின் இருப்பது தோட்டில், கொட்டை வெறும் எடை. அதுவும் மில்லில் சரியாக அரைபடாமல் மணலாக நின்று, பிறகு தலையில் நெருடும். நல்ல காய் செம்பழுப்பாக, மடக்கினால் ஓசையோடு முறியும். கறுத்து, வளைந்து கொடுத்தால் அது மழை பார்த்த காய். முதல்முறை இதொன்றும் தெரியாமல் நான் நின்றபோது கடைக்கார அண்ணாச்சியே ஒரு காயை எடுத்து என் காதருகே முறித்துக் காட்டி, "இந்தச் சத்தத்துக்குத்தாம்மா துட்டு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எந்த இணையக் காட்சியும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அதோடு பூந்திக்கொட்டை இருநூறு கிராம். இதிலும் உள்ளே இருக்கும் கறுப்புக் கொட்டையை உடைத்து எடுத்துவிட்டுத் தோலை மட்டும் எடைபோட வேண்டும். பாசிப்பயறு கால் கிலோ, வெந்தயம் நூறு கிராம், பூலாங்கிழங்கு ஐம்பது கிராம். இவை கடைச் சரக்கு. செம்பருத்தி இலையை இரண்டு கை அளவும், ஆவாரம்பூவை ஒரு கை அளவும், பிழிந்து மிஞ்சிய எலுமிச்சைத் தோலைப் பத்துப் பன்னிரண்டும், நிழலில் உலர்த்தி முன்னமே சேர்த்துவைத்திருப்பேன். ஆவாரம்பூவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, எங்கள் நகருக்குப் பின்னால் உள்ள பொட்டலில் தை மாதம் முழுக்க மஞ்சளாக நிற்கும். பாசிப்பயற்றின் மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். வெந்தயமும் செம்பருத்தி இலையும் தண்ணீர் பட்டதும் கொழகொழப்பாகி, சீயக்காய் மட்டும் தேய்த்தால் வரும் வறட்சியைத் தணிக்கும். பூலாங்கிழங்கும் எலுமிச்சைத் தோலும் மணத்துக்கு. பூந்திக்கொட்டை நுரைக்கு. என் மகளைப் போல நுரை வராவிட்டால் குளித்ததாகவே ஒப்புக்கொள்ளாதவர்களுக்காக அதைச் சேர்க்கிறேன். அவள் இல்லையென்றால் அதைப் பாதியாகக் குறைத்திருப்பேன், ஏனெனில் அதுதான் முடியை அதிகம் உலர்த்துகிறது.

எல்லாவற்றையும் தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், மூன்று நாள் காயவைக்க வேண்டும். முதல் ஆண்டு நான் கைக்கு அகப்பட்ட பாயை எடுத்து விரித்துக் காயப்போட்டேன். அது அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய். சீயக்காய்க் கறை பட்ட மூலை ஒன்றை இன்றைக்கும் யார் வந்தாலும் அம்மா விரித்துக் காட்டுகிறாள். ஆகவே பழைய வேட்டியோ சொளவோ போதும். மூன்றாம் நாள் உச்சிவெயிலில், காய் சுடச்சுட இருக்கும்போதே அள்ளிக்கொண்டு மில்லுக்குப் போய்விட வேண்டும். ஆறவிட்டு மறுநாள் கொண்டுபோனால் மறுபடி நமுத்துவிடும். பூலாங்கிழங்கை மட்டும் வீட்டிலேயே உரலில் இடித்து உடைத்துக்கொள்ள வேண்டும், அது கல்லைப் போன்றது.

மில்லில் சீயக்காய்க்குத் தனி மெஷின். அரிசியும் மிளகாயும் திரிக்கும் மெஷினில் அதைப் போட மாட்டார்கள், போடவும் கூடாது, கசப்பு இறங்கிவிடும். அந்தத் தனி மெஷினும் எல்லா நாளும் ஓடாது. எங்கள் பக்கத்து மில்லில் ஐந்தாறு பேருடைய சீயக்காய் சேர்ந்தால்தான் ஓட்டுவார்கள். நமக்கு முன்னால் திரித்தவருடைய தூளில் கொஞ்சம் நம் போணியிலும் (பாத்திரத்திலும்), நம் தூளில் கொஞ்சம் பின்னால் வருபவர் போணியிலும் போவதைத் தடுக்க முடியாது. அதனால் முன்னால் நிற்பவர் என்னென்ன சேர்த்திருக்கிறார் என்று விசாரிப்பது அங்கே ஒரு மரபு. அந்த விசாரிப்பில்தான் நான் பாதிக் கல்வி கற்றேன். ஒருவர் காய்ந்த கறிவேப்பிலை சேர்ப்பார், ஒருவர் வெட்டிவேர், ஒருவர் மருதாணி. மருதாணி சேர்த்தவருக்குப் பின்னால் நின்ற ஒரு வெள்ளைமுடி ஆச்சி, தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டு, "செம்பட்ட முடியோட நான் பேரன் கல்யாணத்துக்குப் போகவா?" என்று வரிசையின் கடைசிக்குப் போனதை மறக்க முடியாது. மெஷின் ஓடத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் துண்டாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்முவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தூளைப் பாத்திரத்திலேயே விட்டு மூடக் கூடாது. மெஷின் சூட்டோடு இருக்கும், மூடினால் உள்ளே வியர்த்துவிடும். செய்தித்தாளில் பரப்பி ஆறவைத்து, பிறகு வெள்ளைத் துணியில் சலிக்க வேண்டும். சல்லடையில் சலித்தால் போதும் என்று இரண்டு ஆண்டு சோம்பல்பட்டு, குளித்த மறுநாளும் தலையிலிருந்து தூசி உதிர்வதைக் கண்ட பிறகுதான் துணிக்கு வந்தேன். சித்த மருத்துவத்தில் இதை வஸ்திரகாயம் செய்வது என்பார்கள். சலித்த பின் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தூள் தேறும். வாரம் இருமுறை இரண்டு பேர் தலைக்குக் குளித்தால் மூன்று மாதம் வரும். ஈரக் கை படாமல் பார்த்துக்கொண்டால், பாசிப்பயறு சேர்ந்திருப்பதால் வரக்கூடிய வண்டைத் தவிர அதற்கு வேறு எதிரி இல்லை.

பயன்படுத்துவதில் ஒரே ஒரு நுட்பம்தான், அதுவும் என்னுடையதல்ல. தூளைத் தண்ணீரில் கரைக்காமல் வெதுவெதுப்பான வடிகஞ்சியில் கரைப்பது. கஞ்சியின் பசை தூளை அடியில் தங்கவிடாமல் தாங்கி நிற்கும், தலையிலிருந்து கண்ணுக்கு வழிந்து இறங்குவதைக் குறைக்கும், முடிக்கும் வழவழப்பு தரும். குக்கர் வந்து கஞ்சி வடிப்பது நின்றபோதே சீயக்காயின் பாதி அருமை போய்விட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நான் தலைக்குக் குளிக்கும் நாட்களில் மட்டும் சோற்றைப் பானையில் வடிக்கிறேன். மூன்று கரண்டித் தூளுக்கு ஒரு கும்பா கஞ்சி. பத்து நிமிடம் ஊறவிட்டு, நனைத்த தலையில் வேர்க்கால் படத் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விரலால் அலைந்து, நிறைய தண்ணீர் விட்டு அலச வேண்டும். எண்ணெய் தேய்த்த அன்று மட்டும் இரண்டாம் முறை. எண்ணெய் வைக்காத தலைக்கு இதே அளவு தூள் அதிகம், பாதி போதும். கண்ணில் பட்டால் சுள்ளென்று எரியும். தீபாவளி விடியலில் எங்கள் தெருவில் பட்டாசுச் சத்தத்துக்கு முன்னால் கேட்பது பிள்ளைகளின் அழுகைச் சத்தம்தான். குழந்தைகளுக்கு நான் சீயக்காயே தேய்ப்பதில்லை, பாசிப்பயற்று மாவும் கஞ்சியும் போதும்.

செங்கோட்டையில் இருக்கும் என் சித்திக்கு இந்தத் தூளே தேவையில்லை. அவள் செம்பருத்தி இலையைப் பறித்து, தண்ணீரில் கசக்கி, கொழகொழவென்று வரும் சாற்றை வடித்து அப்படியே தேய்த்துக்கொள்வாள். அதற்குப் பெயர் தாளி. 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர், ஆகவே மலைக்கு அந்தப்புறத்துப் பழக்கம் அங்கே இயல்பாக இருக்கிறது. தாளியால் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போகாது, ஆனால் எண்ணெய் வைக்காத நாளில், வறண்ட முடிக்கு, அதைவிட இதமானது எதையும் நான் கண்டதில்லை. அந்தச் சாறும் அரை நாள்கூட நிற்காது. சித்தி அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. செடி கொல்லையில் நிற்கிறது, வேண்டும்போது பறிக்கிறாள்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய குளியல் பொடிப் பட்டியல்களில் கார்போக அரிசி இருக்கும். நானும் முதலில் சேர்த்தேன். பாளையங்கோட்டையில் 1964 முதல் இருக்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பக்கத்துவீட்டுப் பெண்தான் தடுத்தாள். தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் பொருள் அதில் இருக்கிறது என்றும், அதனால்தான் வெண்புள்ளி மருத்துவத்தில் வைத்தியர் மேற்பார்வையில் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றும் விளக்கினாள். நம் ஊர் வெயிலில் அதைத் தலையில் தேய்த்துக்கொண்டு அலைவானேன்? அதுபோலவே சமையல் சோடாவைக் கரைத்துத் தேய்க்கச் சொல்லும் குறிப்புகளும் வேண்டாம். அது காரம். சோப்புக்கட்டி செய்த அதே கேட்டைச் சற்று மெதுவாகச் செய்யும்.

திரவமாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு வழியே இல்லையா என்றால், உண்டு, ஆனால் இரண்டு குளியலுக்கு மட்டும். கொட்டை நீக்கிய பூந்திக்கொட்டை பத்து, சீயக்காய் ஒரு கை, வெந்தயம் ஒரு கரண்டி, இவற்றை அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் இளந்தீயில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து துணியில் வடித்தால் தேநீர் நிறத்தில் ஒரு திரவம் கிடைக்கும். கடை ஷாம்பு போல் கெட்டியாக இருக்காது, எதிர்பார்க்கவும் கூடாது. வெளியில் வைத்தால் மறுநாளே குணம் மாறும். குளிர்சாதனப் பெட்டியில் நான்கைந்து நாள் நிற்கும். சர்க்கரையும் மாவும் புரதமும் கரைந்த தண்ணீரில் நுண்ணுயிர்கள் வளர்வதற்கு வேறென்ன வேண்டும்? என் பாட்டிலின் மூடியைத் தெறிக்கவிட்டது அவை உண்டாக்கிய வாயுதான். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்று சொல்வார்கள். அது எண்ணெய் காறிப்போவதைத் தாமதப்படுத்தும், தண்ணீரில் வளரும் கிருமியை ஒன்றும் செய்யாது. பன்னீரும் வாசனைத் தைலமும் வாடையை மறைக்கும், அவ்வளவுதான். கெடாமல் நிற்க வேண்டுமானால் முறையான பதப்படுத்தும் பொருளை முறையான அளவில் சேர்க்க வேண்டும். கடை ஷாம்புவில் அது இருப்பதற்குக் காரணம் அதுதான். அது இல்லாத பாட்டிலைவிட அது இருக்கும் பாட்டிலே தலைக்குப் பாதுகாப்பு.

சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளுக்காக வேறொரு வழி கண்டுபிடித்தேன். கஞ்சிக்கு விடுதியில் எங்கே போவாள்? தூள் தரையில் படிந்தால் மற்ற பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்கள் என்றாள். அந்தக் குறை நியாயமானதுதான். சீயக்காய்த் தூள் குளியலறைச் சாக்கடைக் குழாயில் தங்கி அடைக்கும், வெள்ளைத் துண்டைக் காவியாக்கும். ஆகவே பழைய மல் வேட்டியைக் கிழித்து, மூன்று கரண்டித் தூள் வைத்த முடிச்சுகளாகக் கட்டி அனுப்புகிறேன். சுடுதண்ணீர்க் குவளையில் ஒரு முடிச்சைப் போட்டு, பத்து நிமிடம் கழித்துப் பிழிந்தால், நுரையும் கொழகொழப்பும் துணி வழியாக வந்துவிடும், திப்பி உள்ளேயே நிற்கும். தூளாகவே பயணம் போகிறது, அங்கே போய்த் திரவமாகிறது. எனக்கு இந்த வேலையில் சொந்தமாகத் தோன்றிய ஒரே யோசனை இதுதான் என்பதால், சற்றுப் பெருமையோடு எழுதுகிறேன்.

முடி வளருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வளரும் என்று நான் சொல்ல மாட்டேன். சீயக்காய் அழுக்கைப் போக்கும் காய். சிக்கு குறைந்ததால் சீப்பில் அறுந்துவரும் முடி குறைந்தது, அதைத்தான் நான் கண்டேன். உதிர்வது வேரிலிருந்து என்றால் அதற்கு இரத்தசோகையோ தைராய்டோ காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் போவதுதான் முறை. எங்கள் வீட்டிலும் உப்புத்தண்ணீருக்கு முழுப் பரிகாரம் சீயக்காய் இல்லை. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி ஆற்றுத் தண்ணீரை, மாநகராட்சிக் குழாயில் வரும் நாளில், பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

இயற்கை என்பதால் ஆற்றில் இறங்கித் தேய்க்கலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி. சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். சபோனின் உள்ள காய்களையும் வேர்களையும் இடித்துக் குட்டையில் கலக்கி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் உலகில் பல இடங்களில் இருந்தது. ஓடும் ஆற்றில் ஒருவர் தலை அலசுவதால் மீன் செத்துவிடாது, ஆனால் அமாவாசையன்று பாபநாசம் படித்துறையில் இறங்கும் கூட்டம் ஒருவர் இருவர் அல்ல. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தபோது, "சீயக்காயாவது தேய்க்கலாமா" என்று என்னிடம் கேட்டார் ஓர் உறவினர். அருவியில் நின்றால் தண்ணீர் விழும் வேகமே போதும், எதுவும் தேய்க்க வேண்டாம் என்றேன்.

சலித்த பின் துணியில் மிஞ்சும் கப்பியை நான் எறிவதில்லை. அது அம்மாவின் பங்கு. வியாழக்கிழமை மாலை குத்துவிளக்கையும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பானையையும் புளியோடு கப்பியைச் சேர்த்துத்தான் தேய்ப்பாள், எண்ணெய்ப் பிசுக்கு ஒரே தேய்ப்பில் போய்விடும். இந்தப் பங்குனியில் காய் நன்றாகக் காய்ந்திருந்தது, மில்லிலும் புதிதாகக் கல் கொத்தியிருந்தார்கள். சலித்து முடித்துத் துணியை உதறியபோது ஒரு கைப்பிடிக்கு மேல் கப்பி தேறவில்லை. அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த வருசம் என்னட்டி, எனக்கு ஒண்ணுமே இல்லாம திரிச்சுட்டு வந்திருக்க" என்று அலுத்துக்கொண்டாள்.